போய்ப் பார்த்துவிட்டு எழுதியவர்

ஏற்காட்டில் இப்போது மழை பெய்கிறதா என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தகரக் கூரையில் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மறுமுனையில் இருப்பவருக்கே அந்தச் சத்தம் கேட்டிருக்கும். இருந்தாலும் கையை நீட்டி, உள்ளங்கையை நனைத்து, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "பெய்யுதுங்க" என்பார். முதல் மாதம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் மாதம் எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு என்னவாக இருந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் இணையதளத்தில் ஆறு வருடம் தினமும் எழுதியவர், ஒரு நாளும் தன் பெயரைப் போட்டுக்கொண்டதில்லை. கடைசி வரியில் 'பார்த்தது: நான்' என்று இருக்கும், அவ்வளவுதான். பெயரைப் போடச் சொல்லி ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியுமுங்க. தெரியாதவங்களுக்கு எம் பேரு எதுக்குங்ணா?" என்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நேரில் 'நீ', 'ஏம்மா' என்றுதான் பேசுவேன். எழுதும்போது ஏனோ 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.

நான் சேலத்துக்காரன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் அறை பிடித்து, ஏற்காட்டைப் பற்றி ஓர் இணையதளம் நடத்திவந்தேன். எந்த இடத்தைப் பார்க்கலாம், எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே தங்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்களுக்குச் சின்னச் சின்ன விடுதிகளில் அறை ஏற்பாடு செய்து கொடுப்பேன். அதுதான் எங்கள் பிழைப்பு. தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. விடுதிக்காரர் ஒருவர் இவரை அனுப்பினார்.

வந்த அன்றே வம்பு. பங்குனி மாதக் கடைசி. திருப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். தண்ணீர் இருந்தால் மூன்று அறை வேண்டுமாம். நான் எதிர் மேஜையிலிருந்து 'இருக்கு என்று சொல்' என்று தலையாட்டினேன். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

"பாத்தீங்களாங்ணா?"

"இருக்கும்மா. சொல்லு."

"அப்ப பாக்கலைங்களா?"

அந்த மனிதரிடம் ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அருவியை ரோட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் போதாது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், ரிசீவரை எடுத்து, "பாறை காஞ்சு கெடக்குதுங்க. ரெண்டு மழை பேஞ்சாத்தானுங்க. இப்ப வராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தத் திருப்பூர்க்காரர் பிறகு மழைக்காலத்தில் வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் இன்றுவரை வரவில்லை.

அன்று சாயங்காலமே இவரை நிறுத்திவிட நினைத்தேன். கேட்டால் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கு உதவியாக, காலையில் ஆள் வந்ததை எழுதுவது அவர் வேலை. பெயரைக் கூப்பிட்டால் வரிசையில் யாராவது குரல் கொடுப்பார்கள்.

"கூட வந்தவங்க 'இருக்கேன்'னு கொரல் குடுத்துருவாங்க. ஆளு ஊட்டுல படுத்திருக்கும். அதனால மொகத்தப் பாத்துட்டுத்தான் டிக்கு போடோணும். சரிவுல ஏறிப் போயிருந்தாலும் நாம ஏறிப் போயிப் பாக்கோணுமுங்க. எங்கம்மா பேருக்கே பாக்காம டிக்கு போட்டதில்லீங்க."

அவருடைய அம்மாவும் அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர். இதைக் கேட்ட பிறகு எப்படி ஆளை நிறுத்துவது? போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். மாரமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை, சொந்த வீடு இருக்கிறது என்று தரகர் வந்து சொன்னார். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை ஆபீசில் காபி குடித்துக்கொண்டே, "ஊடு இருக்குதுங்ணா. நொம்ப நல்ல ஊடு. மாப்பிள்ளையோடதுதான் இல்லீங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குப் புரையேறிவிட்டது.

எங்கள் தளத்தில் 'இன்று பார்த்தது' என்று ஒரு பகுதியை அவராகவே ஆரம்பித்தார். காலையில் வேலைக்கு வரும் வழியில் சுற்றிக்கொண்டு வந்து எழுதுவார். பகோடா பாயிண்ட் காட்சிமுனையில் பனி, எத்தனை மணிக்கு விலகியது. அருவியில் தண்ணீர் உண்டா இல்லையா. மலைப்பாதையில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் லாரி நின்றிருக்கிறது. காய்ச்சல் வந்து படுத்த நாளில் வீட்டிலிருந்தபடியே ஒரே வரி எழுதி அனுப்புவார்: 'இன்று போகவில்லை.' இப்படி எழுதி வைத்தால் யார் மதிப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு அந்த வெட்கமே கிடையாது.

அவை நல்ல வருடங்கள். 'ஏற்காடு' என்று யார் தேடினாலும் தேடுபொறி எங்கள் தளத்தை மேலே காட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கோட்டுப் படத்தைப் பல் துலக்குவதற்கு முன்பே எடுத்துப் பார்ப்பேன். கோடு ஏறியிருந்தால் அன்று மனைவியிடம் சிரித்துப் பேசுவேன். இறங்கியிருந்தால் இட்லி கல்லாக இருக்கிறது என்று குற்றம் சொல்வேன்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முதலில் பஸ் நேரம், தூரம், படகு விடும் நேரம் எல்லாவற்றையும் தேடல் பக்கமே மேலே எடுத்துப் போட்டுவிட்டது. கேட்டவர்கள் அங்கேயே படித்துவிட்டுப் போனார்கள். அடுத்ததாக ஏஐ வந்தது. ஏற்காட்டுக்கு இரண்டு நாள் போகலாமா என்று கேட்டால் அழகான ஒரு பத்தியாகப் பதில் வரும். நாங்கள் எழுதியதுதான், வார்த்தையை மாற்றிப் போட்டிருக்கும். கோடு இறங்கியது, மறுபடி இறங்கியது, பிறகு ஏறவே இல்லை.

"நம்ம சமையல எடுத்துட்டுப் போயி தெருமுனையிலயே பந்தி போட்டுர்றாங்க. அப்பறம் நம்ம வாசலுக்கு எவன் வருவான்?" என்று அவரிடம் புலம்பினேன்.

அவர் யோசித்துவிட்டு, "அது போயிப் பாக்குதுங்களா?" என்று கேட்டார்.

"மெசினும்மா. அது எங்க போகும்? நாம சொல்றத எடுத்துச் சொல்லுது."

"அப்ப நாம பாக்காம எழுதுனா?"

எனக்கு அப்போது வேறு கவலை. மைத்துனருக்குச் சேலத்தில் பாத்திரக்கடை இருந்தது. "பேசாம கீழ வந்து கடையில ஒக்காருங்க மாமா" என்று அவர் மாதம் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இந்தக் குளிரும் இந்த வேலையும் அவளுக்கு உயிர். இருந்தும் அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து, அடுக்களைச் சாமான்களில் அதிகம் புழங்காதவற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்ன ஒருவரைச் சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். பக்கங்கள் போதாது, இன்னும் எழுதித் தள்ளுங்கள், கேள்வி பதிலாகப் போடுங்கள் என்றார். எழுத யாரிடம் நேரம் இருக்கிறது? அதே ஏஐயை விட்டு எழுதச் சொன்னேன். ஒரே வாரத்தில் நாற்பது பக்கம். பாதியைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். இவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் கீழ 'பார்த்தது: நான்'னு வராதுங்ணா" என்று மட்டும் சொன்னார். வர வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

மறு சித்திரை. காபிப் பூ பூத்து ஓய்ந்து, வெயில் மலை மேலேயே சுட்டது. காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு.

"ஏனுங்ணா, உடனே கெளம்பி அருவிக்கு வாங்க. ஜீப்பு ஸ்டாண்டுல ரெண்டு ஆளக் கூட்டிட்டு வாங்க. டீக்கடையில ஒரு பிளாஸ்டிக் சேரும் வேணும்."

போய்ப் பார்த்தால், படிக்கட்டின் பாதியில் ஓர் அம்மாள் சுவரில் சாய்ந்து கிடந்தார். அறுபதை நெருங்கும் வயது. முகம் வெளுத்து, நெற்றி முழுக்க வியர்வை. பக்கத்தில் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். கரூர்க்காரர்கள். தண்ணீர் பார்க்கலாம் என்று வெறும் வயிற்றோடு கீழே இறங்கி, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு, ஏற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. அன்றைக்கும் அருவியைப் பார்க்க வந்திருந்த இவர்தான் அவர்களைக் கண்டிருக்கிறார். மேலே ஓடி ஜூஸ் வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நாற்காலியில் உட்காரவைத்து, ஜீப்காரர்கள் இருவரும் முன்னும் பின்னும் பிடித்து மேலே தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, நல்லவேளையாக இனிப்பு கொடுத்துவிட்டீர்கள், இனிப் பயமில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வராந்தாவில் அந்த அம்மாளின் கணவர் எங்கள் இருவரிடமும் செல்போனை நீட்டினார்.

"எந்த மடப்பய எழுதி வெச்சான்னு தெரியலைங்க. கேட்டா, வருசம் பூரா தண்ணி கொட்டுதாம். வயசானவங்களும் சுளுவா எறங்கி ஏறலாமாம். பாருங்க."

பார்த்தேன். ஏஐ தந்த பதில். அதன் கீழே, இதை எங்கே எடுத்தது என்று சிறிய எழுத்தில் எங்கள் தளத்தின் பெயர். நாற்பது பக்கத்தில் நான் படிக்காமல் ஏற்றிய ஒன்று. ஏஐ எழுதிக் கொடுத்து, நான் கடைவிரித்து, அதையே மறுபடி ஏஐ எடுத்து, ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது.

"இது யாரோட சைட்டுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

"என்னோடதுதாங்க" என்றேன்.

"நீங்க போயிப் பாத்துட்டா எழுதுனீங்க?"

"இல்லீங்க."

அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம் பொண்டாட்டி எந்திரிச்சு ஒக்காந்துட்டா. அதனால தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை. ஆனால் உண்மையைச் சொல்லி முடித்த பிறகு எனக்கு அழுகை வரும்போல இருந்தது, கூடவே தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது. திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஸ்கூட்டரை நிறுத்தி, "டீ குடிக்கலாமுங்களா?" என்றார்.

அன்றே நாற்பது பக்கத்தையும் அழித்தேன். அருவிக்கு அவர் புதிதாக ஒரு பக்கம் எழுதினார்: எந்த மாதங்களில் தண்ணீர் இருந்தது, எப்போது இல்லை, படியில் யார் யார் இறங்கக் கூடாது, எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். எல்லாம் ஆறு வருடம் கண்ணால் பார்த்தது.

ஆனால் நான் அழித்துவிட்டால் போதுமா? ஏஐ பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் தினமும் அருவியைப் பார்த்துவிட்டு வந்து, செல்போனில் அதே கேள்வியைக் கேட்பார். "பேர அடிச்சும் அந்தாளு இன்னும் வரிசையில நிக்குதுங்ணா" என்பார். வாரங்கள் போயின. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் வந்து போனது. அருவிப் பாதையில் இன்னொருவர் விழுந்துவிடுவாரோ என்று எனக்குத் தூக்கமில்லை. இவர் அந்தப் பதிலை நம்பி இறங்குகிறவர்களைத் தடுக்க, காலையில் கொஞ்ச நேரம் படிக்கட்டின் மேலேயே நின்றுவிட்டு வருவார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

ஆடியில் ஒரு காலை, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிவந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். 'தினமும் காலையில் நேரில் பார்த்து எழுதும் உள்ளூர்த் தளம் ஒன்றின்படி, இன்று தண்ணீர் குறைவு. படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி, சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.'

"ஆளு போயிருச்சுங்ணா" என்றார். இருவரும் பேக்கரிக்கு இறங்கிப்போய் ஆளுக்கு இரண்டு பன் சாப்பிட்டோம். அவ்வளவு பசி எங்கே இருந்ததோ.

கோட்டுப் படம் தரையில் படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. ஆனால் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. "தெனமும் போயிப் பாக்குறவங்க நீங்கதானுங்களா? இன்னைக்கு எப்படி இருக்குதுங்க? அப்படியே ஒரு ரூமும் சொல்லிருங்க." முன்பு ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், கூப்பிடுகிறவர் ஒருவர். இப்போது வருகிறவர் சொற்பம், வந்தவர் கூப்பிடுகிறார். இரண்டு விடுதிக்காரர்கள் எங்களை விட்டுப் போனார்கள். மாடி அறையைக் காலி செய்துவிட்டு என் வீட்டு முன்னறைக்கு மேஜையைக் கொண்டுவந்தோம். பழைய வரும்படி இல்லை, ஆனால் மலையிலேயே பிழைக்கலாம்.

"அப்ப கீழ எறங்க வேண்டாமா?" என்று மனைவி கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

அவள் அரிவாள்மணையை எடுத்து, கட்டியிருந்த பெட்டிகளின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இத்தனை மாதம் பெட்டியில் கிடந்த ஆப்பச்சட்டி அடுப்பேறியது.

தை மாதம் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. "அந்த ஊட்டையும் போயிப் பாத்துட்டு வந்துட்டேனுங்ணா. வாடக ஊடுதான். வாடக ஊடுன்னுதான் அவரும் சொன்னாரு" என்று சிரித்தார். அவருக்கு ஏன் அந்த மாப்பிள்ளையைப் பிடித்தது என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இப்போது காலையில் சுற்றிவருவது என் வேலை. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆவணி மழையில் ஒரு நாள் போர்வையை விட்டு எழ மனமில்லை. படுத்தபடியே, 'பகோடா பாயிண்ட்டில் அடர்ந்த பனி. அருவியில் நல்ல தண்ணீர்' என்று நேரம் போடாமல் எழுதி ஏற்றினேன். பொய்யாக இருக்க வாய்ப்பே இல்லை. பத்து நிமிடத்தில் ஓசூரிலிருந்து போன்.

"ஏனுங்ணா, நல்லா இருக்கீங்களா? எத்தன மணிக்குப் போனீங்க?"

"போகலைம்மா" என்றேன்.

"அப்ப போகலைன்னு போட்டுருங்ணா" என்றார், கோபமே இல்லாமல்.

இரண்டு வரியையும் அழித்துவிட்டு, 'இன்று போகவில்லை' என்று போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து நாமக்கல்லிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"இன்னைக்குப் போகலைன்னு போட்டிருக்கீங்க. சின்னப் புள்ளைங்களக் கூட்டிட்டு வர்றோமுங்க. நீங்க போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க, அது வரைக்கும் நாங்க கெளம்பல."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படி முழுக்க ஈரம். கீழே போய்ச் சேர்ந்தபோது அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. இருந்தாலும் கையை நீட்டி, உள்ளங்கையை நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டேன். பிறகு அங்கேயே நின்று எழுதினேன்:

'அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. காலை ஒன்பதே கால். படி வழுக்குகிறது, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். பார்த்தது: நான்.'